எல்வெட் ப்ராசர் தூக்கிய கொடி

கடுப்பில்தான் கொடியைத் தூக்கினார் என்பது பொய். டிலிஸ் மார்கன் சொன்னபோதும் பொய், அவள் மகள் சொன்னபோதும் பொய், இப்போது அவள் பேத்தி முடி வெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாளே, அதுவும் பொய்தான். மகனை அணியில் சேர்க்கவில்லையாம், அந்த வயிற்றெரிச்சலில் எல்வெட் ப்ராசர் சொந்த ஊரையே காட்டிக்கொடுத்துவிட்டாராம். அன்றைக்குப் பிறந்தே இருக்காத பிள்ளைகள் கூட நின்று பார்த்த மாதிரிச் சொல்கிறார்கள். கூட நின்றவர்களே எதையும் பார்க்கவில்லை என்பதுதான் சங்கதி. அன்று இறங்கிய பனியில் பக்கத்தில் நிற்பவரின் தொப்பி தெரிந்தது, தொப்பிக்குக் கீழே இருப்பது யார் என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட பனியில், கடைசி உதையில் பந்து கம்பத்துக்கு வெளியே போனதை மட்டும் மேட்டில் நின்ற ஊர் மொத்தமும் கண்ணால் பார்த்ததாம்.

பார்த்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

எல்வெட் இளவயதில் நம் ஊர் நான்டெலினின் ரக்பி அணிக்கு முன்வரிசையில் நின்று முட்டியவர். கழுத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படியான உடம்பு. ஒரு நாள் சுரங்கத்துக்குள் கல் சரிந்து முழங்கால் போயிற்று. அத்தோடு ஆட்டமும் போயிற்று, கீழே இறங்கி நிலக்கரி வெட்டும் வேலையும் போயிற்று. நிர்வாகம் அவரை மேலே, சுரங்க வாயில் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. ஆட்கள் கூண்டில் ஏறியதும் கதவைச் சாத்த வேண்டும். யாருடைய கையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டில்லை என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மணி அடிக்க வேண்டும். எஞ்சின் அறையில் இருப்பவருக்குக் கூண்டு கண்ணில் படாது. மணிதான் அவருக்குக் கண். மணி கேட்டால் கயிற்றை விடுவார், கூண்டு பூமிக்குள் போய்விடும். ஊரின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தினமும் எல்வெட்டின் மணிக்குத்தான் கீழே போனார்கள்.

ஆடமுடியாத காலை வைத்துக்கொண்டு ஆட்டத்தை விடவும் முடியவில்லை. அதனால் கிளப்பில் அவருக்குக் கொடி கொடுத்தார்கள். நடுவர் எப்போதும் வெளியூர்க்காரர்தான். ஆனால் கோட்டோரம் கொடி பிடிக்கும் இருவரும் ஆளுக்கொரு கிளப்பிலிருந்து வருவார்கள், நம் ஆள் ஒருவர், அவர்கள் ஆள் ஒருவர். பந்து கோட்டைத் தாண்டினால் கொடி தூக்க வேண்டும். கம்பங்களை நோக்கி யாராவது உதைக்கும்போது இருவரும் ஆளுக்கொரு கம்பத்தடியில் போய் நின்று, பந்து குறுக்குச்சட்டத்துக்கு மேலே, கம்பங்களுக்கு நடுவே போனால் தூக்க வேண்டும். சொந்த ஊர்க் கொடி சொந்த ஊர்ப் பக்கம் கொஞ்சம் சாய்வது எல்லாப் பள்ளத்தாக்கிலும் நடப்பதுதான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்வெட்டுக்கு மட்டும் அது வரவில்லை. கால் விந்தி விந்தி அவர் கோட்டோரம் ஓடும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கத்துவார்கள்:

"ஆளு சாய்வாரு, கொடி சாயாது!"

அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது என்று அவர் மனைவி கைன்வென் சொல்வாள்.

அந்த வருஷம் கோப்பைப் போட்டியில் நான்டெலின் இரண்டு சுற்று தாண்டிவிட்டது. அதுவே பெரிய விஷயம். அடுத்த சுற்றுக்கு எல்லாக் கிளப்பின் பெயரையும் பைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தபோது முதலில் நான்டெலின் வந்தது, அதற்கடுத்து அபர்கெர்வின். முதலில் வந்த பெயரின் ஊரில்தான் ஆட்டம். ரேடியோவில் அதைச் சொன்னதும் ரொட்டிக்கடை இவான் மாவுக் கையோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்.

அபர்கெர்வின் என்றால் கடற்கரைப் பட்டணம். கூரை போட்ட மைதானம். நாட்டின் சிவப்புச் சட்டையைப் போட்டு ஆடியவர்கள் அந்த அணியில் நான்கைந்து பேர். அவர்கள் கிளப்பில் கண்ணாடி துடைப்பதற்கென்று தனியாக ஒரு ஆள் உண்டு என்று பேசிக்கொண்டார்கள். நம் கிளப்பில் கண்ணாடியே கிடையாது. தகரக் கூரைக் கொட்டகை, ஒரு அடுப்பு, நீள பெஞ்சுகள், பீர் ஊற்ற ஒரு மேசை. மைதானமோ மலைச்சரிவு. மேலேயிருந்து கீழே ஆடும்போது பந்து தானாக உருளும், கீழேயிருந்து மேலே ஆடும்போது உயிர் போகும். கீழ்மூலையில் ஓடை கசிந்து எப்போதும் சேறு. அந்தச் சேற்றில் எங்கே காலை வைக்கலாம் என்பது நம் பையன்களுக்கும் நான்கு ஆடுகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்வெட் அன்று சாயங்காலம் மேலே வந்த ஒவ்வொரு கூண்டின் கதவையும் திறக்கும்போது, "அபர்கெர்வின், நம்ம ஊர்ல" என்று மட்டும் சொன்னாராம். கறுத்த முகங்களில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும்படி அத்தனை பேரும் சிரித்தார்களாம்.

இனி அந்த மகன் விவகாரம். மகன் பெயர் கெத்தின். ஓரத்தில் ஓடுபவன், நல்ல பையன், வேகமும் மோசமில்லை. அந்த வருஷம் முழுக்க அவன்தான் ஆடினான். ஆட்டத்துக்கு முந்தின வாரம் அணித்தலைவன் ஹெய்டனின் சித்தப்பா மகன் எமிர் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்து நின்றான். எமிர் ஓடினால் நாய்கள் பாதியில் நின்றுவிடும். அவனைப் போட்டால் கெத்தினை எடுக்க வேண்டும். போட்டால் ஹெய்டன் சொந்தக்காரனைச் சேர்த்துக்கொண்டான் என்று பேச்சு வரும், போடாவிட்டால் ஊர் தோற்கும். கமிட்டி வழக்கம்போல இரண்டு மணிநேரம் பேசி, தலைவனே முடிவு செய்யட்டும் என்று கையைக் கழுவிவிட்டது.

ஹெய்டன் நேராக எல்வெட் வீட்டு அடுக்களைக்கு வந்தான். கைன்வென் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பையன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எல்வெட்டே கேட்டார்.

"எமிரப் பத்தித்தானே?"

"ஆமா மாமா. நீங்க என்ன சொல்றீங்களோ அதச் செய்றேன்."

எல்வெட் அடுப்பில் ஒரு கரித்துண்டைப் போட்டார். பிறகு, "எமிரப் போடு" என்றார்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"கேட்ட, சொன்னேன். ஆனா நான் சொன்னேன்னு கெத்தினுக்குத் தெரியக் கூடாது. நீ எடுத்ததாவே இருக்கட்டும். அவன் உன்ன ஒரு வருஷம் திட்டுவான், அப்புறம் மறந்துடுவான். அப்பன்னா மறக்க மாட்டான்."

ஹெய்டன் வாக்குக் கொடுத்தான். கைன்வென் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள். ஆக மகனை அணியிலிருந்து எடுத்தது கமிட்டியுமில்லை, ஹெய்டனுமில்லை. கெத்தினுக்கு இது இப்போது தெரியும், அவனே தாத்தாவாகிவிட்டான். அதனால் இங்கே சொல்வதில் தப்பில்லை. வயிற்றெரிச்சல் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் காதில் நன்றாக வாங்கிக்கொள்ளட்டும்.

ஆட்டத்தன்று காலையில் பெண்கள் எல்லாரும் பள்ளிக்கூட அடுப்பில்தான். விருந்தாளி அணிக்கு ஆட்டம் முடிந்ததும் வயிறாரப் போடாமல் அனுப்பினால் அது தோல்வியைவிடக் கேவலம். ஈரல் உருண்டை, பட்டாணிக் குழம்பு, கல்லில் சுட்ட திராட்சை அப்பம். அப்பத்தின் வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. டிலிஸ் மார்கனும் கைன்வென்னும் ஒரே கல்லில் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். அப்போது இருவரும் அவ்வளவு சிநேகம்.

அபர்கெர்வின் பஸ் தபாலாபீஸ் முடுக்கில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆட்கள் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளினார்கள். ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் குனிந்து தள்ளு தம்பி என்று யோசனை சொன்னார்கள். மைதானத்தில் உடைமாற்ற இடமில்லாததால் மதுக்கடை மாடியில் மாற்றிக்கொண்டு, இரண்டு அணியும் தெரு வழியாக நடந்துதான் போக வேண்டும். பூட்ஸ் ஆணிகள் தார்ரோட்டில் பட்டு எழுந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, குதிரைப்படை போகிற மாதிரி, அதைக் கேட்டவர்களுக்கு அது காதை விட்டுப் போகாது. தைல வாசனை வேறு. பேப்பரில் படமாகப் பார்த்த முகங்கள் கைக்கெட்டும் தூரத்தில், குளிரில் மூக்கு சிவந்து, சாதாரணப் பையன்கள் மாதிரி நடந்து போயின. அவர்களிலேயே பேர்பெற்றவன் ரோட்ரி, பந்தை உதைப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது என்பார்கள். சின்ன உருவம். டிலிஸ் அவனைப் பார்த்துவிட்டு, இவனுக்கு யாரும் சோறு போடுவதில்லையா என்று கேட்டாள்.

முதல் பாதியில் நம்மவர்கள் கீழேயிருந்து மேலே ஆடினார்கள். ரோட்ரி இரண்டு முறை உதைத்தான், இரண்டும் உள்ளே. ஹெய்டன் ஒன்று உதைத்தான். உதைக்கு மூன்று புள்ளி. ஆறுக்கு மூன்று. பாதி முடிந்து பக்கம் மாறியதும் சரிவு நம் பக்கம். கீழ்மூலையில் எமிர் பந்தோடு ஓடினான். எதிரே வந்தவன், சிவப்புச் சட்டைக்காரன், சரியாகச் சேற்றில் காலை வைத்தான். முழங்கால் வரை போய்விட்டது. எமிர் அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தான். அதற்கு நான்கு புள்ளி. நாம் ஏழு, அவர்கள் ஆறு. மேட்டில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் ஆடுகள் மலைக்கு மேலே ஓடிவிட்டன. கெத்தினும் கத்தினான், கத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டோரம் நின்ற அவன் அப்பா அதையும் பார்த்தார்.

அப்போதுதான் பனி இறங்கியது. மலையிலிருந்து போர்வை நழுவுகிற மாதிரி வந்து மைதானத்தை மூடியது. நடுவர் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டார். இதில் ஆடுவது கஷ்டம், நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் முதலிலிருந்து ஆடலாமா என்று கேட்டார். அபர்கெர்வின் தலைவன் உடனே சரியென்றான். பின்தங்கி இருப்பவனுக்கு அது லாபம்தானே. ஹெய்டன் மேட்டுப் பக்கம் பார்த்தான். மேட்டிலிருந்து ஒரே குரலாக, ஆடு, ஆடு என்றார்கள். இந்தப் பனியில்தான் மழைக்காலம் முழுக்க ஆடுகிறோம், பட்டணத்தானுக்குத்தான் கண் தெரியாது, நமக்கென்ன என்று அவர்களுக்கு எண்ணம். போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, பட்டாணி அடுப்பில் ஏறிவிட்டது, இன்னொரு நாளைக்கெல்லாம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெய்டன் ஆடுவோம் என்றான்.

நான்டெலின்காரர்கள் தவிர வேறு யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பனியைத் தங்கள் ஊர் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆட்டத்தைக் காதால்தான் பார்க்க முடிந்தது. முட்டும் சத்தம், யாரோ முனகுவது, நடுவரின் ஊதல். கடைசி நிமிஷத்தில் மான்செல் என்ற நம் முரட்டுப் பையன் கீழே கிடந்த பந்தின் மேல் தாய்க்கோழி மாதிரி படுத்துக்கொண்டான். எழுந்திரு என்று நடுவர் சொல்லியும் எழவில்லை. அதற்குத் தண்டனையாக அபர்கெர்வினுக்கு ஒரு பெனால்டி உதை. கோட்டோரத்திலிருந்து, சாய்வான கோணத்தில். ரோட்ரி தரையைக் குதிகாலால் தோண்டிப் பந்தை நட்டான். கம்பங்கள் அவனுக்கே அரைகுறையாகத்தான் தெரிந்தன.

எல்வெட் விந்தி விந்திப் போய் இடது கம்பத்தடியில் நின்றார். வலது கம்பத்தடியில் அபர்கெர்வின் கொடிக்காரர், நல்ல கோட்டுப் போட்ட பருத்த மனிதர், குளிரில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உதைத்த சத்தம் கேட்டது. பந்து பனிக்குள் ஏறி மறைந்தது. பிறகு எல்வெட்டின் தலைக்கு மேலே கம்பத்தின் உள்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். கம்பம் அதிர்ந்து, அதில் படிந்திருந்த பனிநீர் மொத்தமும் அவர் முகத்தில் கொட்டியது. ஏறிட்டுப் பார்த்தபோது பந்து கம்பத்திலிருந்து உள்ளே தெறித்து, குறுக்குச்சட்டத்துக்கு மேலே போய், அவருக்குப் பின்னால் புல்லில் விழுந்தது. கையெட்டும் தூரத்தில் விழுந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவர் வலதுபக்கம் பார்த்தார். பருத்த மனிதர் கொடியைத் தூக்கவில்லை. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாயைத் திறந்தபடி எல்வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவரும் பனிக்குள்ளிருந்து ஒரு நிழலாக அவரைத்தான் பார்த்தார். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதும். அதற்குப் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஜெயித்துவிடும், ஐம்பது வருஷத்துக்குப் பேசும்.

எல்வெட் கொடியைத் தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்து மற்றவரும் தூக்கினார். நடுவர் ஊதினார், ஒன்பதுக்கு ஏழு, அத்தோடு ஆட்டமும் முடிந்தது.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. தோற்ற வீட்டில் விருந்து நடக்கிற மாதிரி பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினார்கள். எல்லாம் ஒருமாதிரி அடங்கிப்போயிருக்கும், அபர்கெர்வின் தலைவன் எழுந்து நன்றி சொல்லாமல் இருந்திருந்தால். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எத்தனையோ ஊரில் ஆடியிருக்கிறோம், சொந்த ஊருக்கு எதிராக இப்படி நேர்மையாகத் தூக்கிய கொடியை எங்கேயும் பார்த்ததில்லை என்று எல்வெட் பக்கம் திரும்பிக் குவளையை உயர்த்தினான். அவன் ஆட்கள் கைதட்டினார்கள். நம் ஆட்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று.

பிறகு ரோட்ரி எழுந்து எல்வெட்டிடம் வந்தான்.

"பெரியவரே, அது உள்ள போச்சா? நான் போகலன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்."

"போச்சு தம்பி. கம்பத்துல பட்டு உள்ள போச்சு."

"எங்க ஆளே மொதல்ல தூக்கலியே."

"உங்க ஆளு மூக்கத் தொடச்சுட்டு இருந்தாரு."

ரோட்ரி சிரித்துவிட்டான். பக்கத்து மேசையில் பரிமாறிக்கொண்டிருந்த டிலிஸ் இந்தப் பேச்சில் பாதியை வாங்கிக்கொண்டாள். உதைத்தவனே போகவில்லை என்று சொல்லிவிட்டான், அவர்கள் கொடிக்காரனே தூக்கவில்லை. இது போதாதா. திங்கட்கிழமை கூட்டுறவுக் கடை வரிசையில் நிற்கும்போது, அப்படியானால் இவர் ஏன் தூக்கினார் என்று கேட்டாள். கேட்டவளே பதிலும் வைத்திருந்தாள், கெத்தின். அந்தப் பேச்சு மேல்தெருவுக்குப் போய்ச் சேரும்போது எல்வெட் ஒரு வாரமாகவே கறுவிக்கொண்டிருந்தார் என்று ஆயிற்று. கீழ்த்தெருவுக்கு வந்தபோது அபர்கெர்வின் துறைமுகத்தில் கெத்தினுக்கு வேலை நிச்சயமாகிவிட்டிருந்தது. பாவம், அந்தப் பையனுக்குத் துறைமுகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்த வாரம் கூண்டில் ஏறியவர்கள் எல்வெட்டிடம் பேசவில்லை. முன்பெல்லாம் ஏறும்போது ஒரு கிண்டல், இறங்கும்போது ஒரு கிண்டல் இருக்கும். இப்போது ஏறி, திரும்பி நின்று, சுவரைப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்தி, கை கால் பார்த்து, மணி அடித்தார். கெத்தின்தான் தாங்கமுடியாமல் போனான். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் அடுக்களையில் நின்றான்.

"என்னாலதான் நீங்க தூக்குனீங்கன்னு சொல்றாங்கப்பா. அப்படியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"அப்படியில்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப போதும், போய்க் குளி."

அவன் போனபிறகு கைன்வென் பிடித்துக்கொண்டாள். ஹெய்டன் வாயைத் திறந்தால் இந்தப் பேச்செல்லாம் ஒரே நாளில் அடங்கும், அவனைச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். எல்வெட் கேட்கவில்லை. அதைச் சொன்னால் ஊர் வாய் மூடும், ஆனால் அணியிலிருந்து தன்னை எடுத்தது அப்பாதான் என்று பையனுக்குத் தெரிந்துவிடும். ஊரா பையனா என்றால் அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கைன்வென் பிறகு தன் வழிக்குச் செய்ய முடிந்ததைச் செய்தாள். கடை வரிசையில் டிலிஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அப்பக்கல் என்னுடையது, திருப்பிக் கொடுத்துவிடு என்றாள்.

வசந்தம் வந்ததும் கிளப்பின் வருஷக் கூட்டம். அடுத்த பருவத்துக்குத் தலைவர் யார், செயலாளர் யார், கொடி யார் என்றெல்லாம் அன்றுதான் முடிவு செய்வார்கள். எல்வெட்டுக்கு அந்தக் கொடியைத் தவிர ஊரில் வேறு இடமே கிடையாது. சுரங்கத்தில் நிற்பது பிழைப்புக்கு. சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கோட்டோரம் விந்திக்கொண்டு ஓடுவதற்குத்தான் அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பார். கொடி போய்விட்டால் அவர் மேட்டில் நிற்கும் இன்னொரு தொப்பிதான். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

செயலாளர் இஸ்லுயின் நல்ல மனிதர், எல்வெட்டோடு சேர்ந்து ஆடியவர். யாரையும் புண்படுத்தாமல் முடித்துவிட வேண்டுமென்று வீட்டிலேயே யோசித்து வந்திருந்தார். கொட்டகை நிறைய ஆட்கள், அடுப்புச் சூட்டில் ஈரக்கோட்டு வாசனை. கெத்தினும் பின்பெஞ்சில் இருந்தான். இஸ்லுயின் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொடிக்கு எல்வெட் பெயரையே தான் முன்மொழிவதாகச் சொன்னார். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"எல்வெட், உங்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல. ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. அன்னிக்குப் பனியில சரியாத் தெரியல, தப்பாத் தூக்கியிருக்கலாம்னு. யாருக்குத்தான் தெரிஞ்சது? சொல்லிட்டா நாங்க எல்லாரும் கை தூக்கிடறோம். இந்தப் பேச்சும் இன்னியோட முடிஞ்சிரும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அங்கிருந்த பாதிப் பேருக்கு அவரைத் திரும்பக் கோட்டோரம் பார்க்க ஆசைதான். முணுமுணுத்தவர்கள்கூட, சொல்லுப்பா, சொல்லிவிடு என்று சொல்லத் தொடங்கினார்கள். மான்செல் பீர் மேசைக்குப் போய் அவருக்காக ஒரு குவளை ஊற்றச் சொல்லிவிட்டான்.

ஹெய்டன் முன்வரிசையில் இருந்தான். அவன் முகம் அடுப்பு மாதிரி சிவந்திருந்தது. அவன் எழப்போனான், வாயையும் திறந்துவிட்டான். எல்வெட் அவனைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. ஹெய்டன் உட்கார்ந்துவிட்டான்.

எல்வெட் எழுந்தார். எழுவதற்கு அவருக்கு எப்போதும் கொஞ்சநேரம் ஆகும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும்.

"நல்லாத் தெரிஞ்சது, இஸ்லுயின்" என்றார்.

"அட, ஒரு பேச்சுக்குத்தான்யா."

"நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் கூண்டுல வந்து நிப்பீங்க. நான் பாத்துட்டு மணி அடிப்பேன். பாத்தேன்னு நம்பித்தான் கீழ போறீங்க. ஒரு நாள் பாத்தத ஒரு பேச்சுக்குப் பாக்கலன்னு சொன்னவன், இன்னொரு நாள் பாக்காதத பாத்தேன்னும் சொல்லுவான். அப்படிப்பட்டவன் மணிக்கு நானே கீழ போக மாட்டேன்."

அடுப்பில் கரி சரிந்தது. கோபமாகச் சொன்னார் என்று பிற்பாடு கதை கட்டினார்கள். கோபமே இல்லை. கடையில் உருளைக்கிழங்கு விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கொடிக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க" என்று முடித்துவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே விந்தி விந்தி வாசல் பக்கம் நடந்தார். அவரைக் கிளப்பை விட்டு நீக்கினார்கள் என்று சொல்வதும் பொய். நீக்க அங்கே யாருக்கும் மனமில்லை, தைரியமுமில்லை.

கௌரவமாக நடந்துபோய்க் கதவைப் பிடித்தால், கதவு திறக்கவில்லை. அந்தக் கொட்டகைக் கதவு அப்படித்தான், மழைக்காலத்தில் ஊறிப் பெருத்து வசந்தம் முடியும்வரை இறுகிக்கொள்ளும். ஒருவர் கைப்பிடியை இழுக்க, இன்னொருவர் அடிப்பக்கத்தைத் தூக்கினால்தான் வரும். எல்வெட் ஒருமுறை இழுத்தார், இரண்டாம் முறை இழுத்தார். முழங்கால் ஊன்றமுடியாமல் தடுமாறினார். வேறொரு நாளாக இருந்திருந்தால் கொட்டகை கூரை பறக்கச் சிரித்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. எழவும் இல்லை.

ஹெய்டன்தான் எழுந்து போனான். குனிந்து, இரண்டு கையையும் கதவுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். எல்வெட் இழுத்தார். கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"வரேன்டா" என்றார் எல்வெட்.

ஹெய்டன் கதவைப் பிடித்தபடியே நின்றான். எல்வெட் படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலை மெல்ல இறக்கி, ஈரமான தெருவில் வீட்டைப் பார்த்து நடந்தார்.